ஐந்து நாளா, வாரம் மூன்றா, மாதம் பத்தா?

சென்னையில் ஐ.டி. வேலை மாறுகிறவர்கள் சம்பளத்துக்கு அடுத்தபடியாகக் கேட்பது, "ஆபீஸுக்கு எத்தனை நாள் வரணும்?" என்பதைத்தான். போன வருடம் நான் மாறும்போது கையில் இரண்டு ஆஃபர் இருந்தன. ஒன்றில் வாரம் மூன்று நாள் வர வேண்டும், இன்னொன்றில் மாதம் பத்து நாள். அப்போது இருந்த இடத்தில் வாரம் ஐந்து நாளும் கட்டாயம். சம்பளம் சற்றுக் குறைவு என்றாலும் மாதம் பத்து நாளைத்தான் எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையின் நெரிசல், மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்புகள், பெட்ரோல் செலவு இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆபீஸுக்கே போய் உட்கார்ந்து, புனேயிலும் பெங்களூரிலும் இருக்கிற டீமோடு ஹெட்ஃபோன் மாட்டிப் பேசுவது, வீடு திரும்பியதும் அமெரிக்க கிளையன்ட்டின் ராத்திரி கால், இவையும் புதிதல்ல. அவற்றை விட்டுவிடுகிறேன். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றைத்தான்: வருகையை எந்தக் கால அளவுக்குள் எண்ணுகிறார்கள்? வாரத்துக்குள்ளா, மாதத்துக்குள்ளா, காலாண்டுக்குள்ளா? என் வாழ்க்கையை மாற்றியது இதுதான்.

முதலில் ஐந்து நாள். இதில் எல்லோரும் அறிந்த உதாரணம் டி.சி.எஸ். 2023 அக்டோபரிலிருந்து அங்கே ஐந்து நாளும் ஆபீஸ். 2024-ல் காலாண்டு வேரியபிள் பேயையும், அதாவது சம்பளத்தில் கூடிக் குறையும் பகுதியையும், வருகையோடு கட்டினார்கள். 85 சதவீதத்துக்கு மேல் வந்தால் முழுத்தொகை, 75-லிருந்து 85 வரை முக்கால், 60-லிருந்து 75 வரை பாதி, 60-க்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது என்று செய்திகளில் வந்தது.

85 சதவீதம் என்றால் தாராளமாகத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலாண்டில் 60 வேலை நாள் என்று வைத்தால், 51 நாள் வந்தாக வேண்டும். கையில் மிஞ்சுவது 9 நாள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையான காலாண்டை எடுத்துக்கொண்டால், தீபாவளி அதில்தான் வரும், வடகிழக்குப் பருவமழையும் அதில்தான். பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் ஒரு கல்யாணம், பெரும்பாக்கம் பக்கம் முழங்கால் தண்ணீர், எல்லாம் அந்த ஒன்பதுக்குள் அடங்க வேண்டும். எடுத்த லீவை வேலை நாள் கணக்கிலிருந்து கழிப்பார்களா என்பது இன்னொரு கேள்வி. கழிக்கிற இடமும் உண்டு, கழிக்காத இடமும் உண்டு. கழிக்காவிட்டால், நமக்கு உரிமையான லீவை எடுத்ததற்கே சம்பளத்தில் கை வைப்பார்கள். நான் இருந்த இடத்தில் கழிக்கவில்லை. மேனேஜர் ஒப்புக்கொண்ட லீவும் வருகைக் கணக்கைக் காட்டும் டேஷ்போர்டில் சிவப்பாகத்தான் வந்தது. வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள்கூட மாதக் கடைசியில் அந்தச் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனுபவமுள்ள ஆட்களை இப்படி நடத்துவது எனக்குப் பெரிய அவமரியாதையாகப் பட்டது, இப்போதும் படுகிறது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஐந்து நாள் நல்லது என்பதை மட்டும் மறுக்க மாட்டேன். பக்கத்து சீட்டில் இருப்பவரைப் பார்த்துக் கற்கிற வேலை நம்முடையது. முதல் இரண்டு வருடத்துக்கு நானே அதைச் சொல்வேன்.

அடுத்து வாரம் மூன்று நாள். விப்ரோ 2023 நவம்பரில் இதைக் கட்டாயமாக்கியது. இந்த முறைக்கு ஆதரவாக வலுவான ஆய்வே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூமும் சகாக்களும் சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்துச் செய்து, 2024-ல் நேச்சர் இதழில் வெளியிட்டது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களிடம், வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பெண்களுக்கும் தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கும் பலன் கூடுதல். சோழிங்கநல்லூருக்கோ பெருங்குடிக்கோ பக்கத்தில் சொந்த வீடு இருந்து, பிள்ளைகள் இங்கேயே படிக்கிறார்கள் என்றால் வாரம் மூன்று நாள் நிம்மதியான ஏற்பாடுதான்.

இந்த முறையில் நான் வேலை பார்த்ததில்லை. என் மனைவி பார்க்கிறாள், அதை வைத்துத்தான் சொல்கிறேன். அவளுக்கு இருக்கும் ஒரே குறை, ஒரு வாரத்து நாளை இன்னொரு வாரத்துக்கு மாற்ற முடியாது என்பது. 2025-ல் பொங்கல் செவ்வாய்க்கிழமை வந்தது. அதை ஒட்டி ஊருக்குப் போகிறவர்கள் அந்த வாரத்தில் மூன்று நாள் எங்கே போய்த் தேடுவார்கள்? முந்தைய வாரம் ஐந்து நாளும் போயிருந்தாலும் இந்த வாரக் கணக்கில் சேராது.

மாதக் கணக்கில் அந்தச் சிக்கல் இல்லை. இன்ஃபோசிஸில் 2023 நவம்பரிலிருந்து குறிப்பிட்ட பதவி நிலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு மாதம் பத்து நாள் என்று வந்தது, 2025 மார்ச்சில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களுக்குக் கணினியிலேயே வரம்பு வைத்தார்கள். நான் இப்போது இருப்பது வேறு இடம், விதி இதே மாதிரிதான். பத்து நாளையும் அடுத்தடுத்துப் போட்டுக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ், மிச்ச நாள் எங்கிருந்தும் வேலை.

எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவால் தனியாக அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியாது. வாரம் மூன்று நாள் என்றால் வெள்ளி ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடித்து ஞாயிறு ராத்திரி திரும்புவதுதான் வழி. மாதக் கணக்கில் இரண்டு வாரம் முழுசாக அங்கே இருக்கிறேன். பகலில் வேலை, டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளில் காலை இரண்டு மணி நேரம் வெளியே. ரயில் டிக்கெட்டை இப்போது அதிகபட்சம் 60 நாள் முன்கூட்டித்தான் எடுக்க முடியும். இரண்டு மாத அட்டவணை கையில் இருப்பதால், முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிடுகிறேன், தட்கலுக்குப் போராட வேண்டியதில்லை. இந்த ஒன்றுக்காகவே குறைந்த சம்பளம் எனக்கு உறுத்தவில்லை.

குறைகளும் உண்டு. மாதத்தின் கடைசி வாரத்தில் பாதி ஆபீஸ் ஒரே நேரத்தில் வந்து நிற்கும், சீட் கிடைக்காது. பத்து நாளைக் கடைசிக்குத் தள்ளிவைத்துக் காய்ச்சலில் விழுந்தால் அந்த மாதம் போச்சு. அதனால் முதல் இரண்டு வாரத்திலேயே முடித்துவிடுவது நல்லது. டீமில் எல்லோரும் வேறு வேறு நாளில் வந்தால், ஆபீஸுக்கு வந்த பயனும் குறைவு. எங்கள் டீமில் ஒரு வாரத்தை மட்டும் பொதுவாக வைத்திருக்கிறோம்.

எல்லா முறைக்கும் பொதுவான ஆபத்து, விதி நாளைக்கே மாறலாம் என்பது. அமேசானில் வாரம் மூன்று நாள் என்றிருந்ததை, 2024 செப்டம்பரில் அறிவித்து 2025 ஜனவரியிலிருந்து ஐந்தாக்கினார்கள். ஆஃபர் லெட்டரில் வேலை இடம் சென்னை என்று இருக்கும், எத்தனை நாள் என்று பெரும்பாலும் இருக்காது. ஆகவே ஒப்புக்கொள்வதற்கு முன் எச்.ஆரிடம் மெயிலிலேயே கேளுங்கள்: கணக்கு வாரத்துக்கா மாதத்துக்கா, எடுத்த லீவைக் கழிப்பீர்களா, பத்து நாளையும் தொடர்ந்து போடலாமா, குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பீர்களா. நான் கேட்ட இரண்டு இடங்களில் ஒன்று நான்குக்கும் எழுத்தில் பதில் தந்தது. இன்னொன்று, "சேர்ந்த பிறகு மேனேஜரோடு பேசிக்கொள்ளுங்கள்" என்றது.