பத்து ரூபாய் ஃப்யூஸுக்கு 2,400 ரூபாய் அழுத கதை

போன மாதம் சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்பினோம். மேல்மருவத்தூர் தாண்டியதும் பார்க்கிறேன், போன் சார்ஜ் ஏறவே இல்லை. கியருக்கு முன்னால் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட், அதான் பழைய சிகரெட் லைட்டர் ஓட்டை, செத்துக் கிடந்தது. வேறு சார்ஜர் குத்திப் பார்த்தும் பலனில்லை. மேப் ஓடிக்கொண்டிருந்த போனில் மிச்சம் 11 சதவீதம். சாலையோரம் ஆட்டோ எலக்ட்ரிகல் போர்டைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினேன்.

கடைக்காரர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு இரண்டு நிமிடம் பார்த்தார். "சார், உள்ள வயரிங் ஷார்ட் ஆயிருக்கு. சாக்கெட் போச்சு, ரிலேவும் போச்சு. இப்படியே ஓட்டினா தீப்பிடிச்சிரும்." ரிலே என்றால் கரண்டைத் திறந்து மூடும் சின்ன தானியங்கி சுவிட்ச்.

பின் சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும். தீ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை. டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்தால் சார்ஜ் ஏறுகிறது. டைரித் தாளில் கணக்கு: வயரிங் 1,200, சாக்கெட் 650, ரிலே 550. கொடுத்துவிட்டு வந்தேன். பழைய சாக்கெட்டைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. அதுதான் என் முட்டாள்தனம்.

இரண்டு வாரம் கழித்து, டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரை அதே சாக்கெட்டில் செருகினேன். நடுவில் மோட்டார் சிக்கிக்கொண்டு 'உம்' என்று முனகியது. உடனே பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பிளக்கைப் பிடுங்கினால் கை வைக்க முடியாத சூடு, நுனி உருகியிருந்தது. சாவியைத் திருப்பி எல்லாவற்றையும் அணைத்தேன்.

எதிர் வீட்டு அண்ணன் அரசு பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"சாக்கெட்டுக்கு எத்தனைன்னு போட்டிருக்கு, படி தம்பி."

"15."

"இது என்ன கலரு?"

பச்சை. பச்சை என்றால் 30 ஆம்பியர், 15 நீலத்தில் வரும். மோட்டார் சிக்கியபோது 15 போட்டிருந்தால் அது எரிந்து கரண்டை நிறுத்தியிருக்கும். 30 அசையாமல் இருந்ததால் வயர் சூடேறியிருக்கிறது. "வயரையே ஃப்யூஸா ஆக்கி வெச்சிருக்கான்" என்றார்.

சாக்கெட்டையும் மாற்றவில்லை. விளிம்பில் சின்னவன் பேனாவால் கிறுக்கிய கோடு அப்படியே இருக்கிறது. ரிலே மேல் படிந்த தூசியை ஒரு விரலும் தொடவில்லை. அப்போதுதான் மகள் சொன்னாள்: "அந்த மாமா ஓட்டைக்குள்ள இருந்து ஒரு ரூபா எடுத்து எனக்குக் கொடுத்தாங்கப்பா."

அவ்வளவுதான் விஷயம். புது ஒரு ரூபாய்க் காசின் விட்டம் 20 மில்லிமீட்டர், சாக்கெட் வாய் சுமார் 21. காசு உள்ளே விழுந்து நடு முனையையும் ஓரத்தையும் இணைத்தால் ஃப்யூஸ் போய்விடும். காசை எடுத்து, பத்து ரூபாய் ஃப்யூஸ் ஒன்று போட்டால் வேலை முடிந்தது.

உங்கள் சாக்கெட் செத்தால் முதலில் வேறு சார்ஜரில் பாருங்கள். சில வண்டிகளில் சாவி ஏசிசி நிலைக்கு, அதாவது இன்ஜின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் நிலைக்கு, வந்தால்தான் கரண்ட் வரும், அதையும் கவனியுங்கள். அப்புறம் வண்டியை அணைத்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், ஸ்க்ரூடிரைவர் விட்டுக் குடைய வேண்டாம். ஃப்யூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தால் நடுக்கம்பி அறுந்திருப்பது தெரியும். ஃப்யூஸ் பெட்டி மூடியில் இருக்கும் அதே நம்பர் போடுங்கள். புதியதும் உடனே போனால் அப்போது கடைக்குப் போங்கள், கழற்றிய பொருளைக் கையில் வாங்குங்கள்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "15 போட்டா அடிக்கடி போகும் சார், நல்லதுக்குத்தான் பெருசா போட்டேன்" என்றார். சாக்கெட் பற்றிக் கேட்டதும் லைன் கட் ஆனது.