முதுகுத் தெளிப்பான்: ஒரு பருவம் பயன்படுத்திய பின்

16 லிட்டர் கொள்ளளவுள்ள, பேட்டரியில் இயங்கும் முதுகுத் தெளிப்பான் ஒன்றைக் காய்கறி வயலிலும் வீட்டுத் தோட்டத்திலும் ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்தினேன். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், பூச்சிமருந்து எவ்வளவு தூரம் பாயும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அடிப்பவரின் மேல் ஒரு சொட்டும் படாமல் வேலையை முடிக்க இந்தக் கருவி உதவுகிறதா என்பதே என் கேள்வி. ஏனெனில் மருந்து அடிப்பவரின் உடம்பில் நஞ்சு பெரும்பாலும் தோல் வழியாகவே ஏறுகிறது.

அதனால் மருந்து ஊற்றும் முன் தண்ணீரில் நீல மையைக் கலந்து டேங்கை நிரப்பி, பழைய வெள்ளைச் சட்டையை அணிந்து, செடிகளின் அடிப்பகுதிக்கு அடிப்பதுபோல் குனிந்து நிமிர்ந்து நடந்தேன். சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது முதுகுத்தண்டின் மேல் உள்ளங்கை அகலத்திற்கு நீலம் படிந்திருந்தது. மூடியின் வாஷர் மெலிந்து இருந்ததே காரணம். தடித்த ரப்பர் வாஷரை மாற்றியபின் கசிவு முற்றிலும் நின்றது. உழைப்பவரின் முதுகில் தொங்கும் கருவியில் இப்படியொரு குறையை விட்டு விற்பனைக்கு அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாராட்ட வேண்டியது டேங்கின் அகன்ற வாயும் ஆழமான வடிகட்டியும். தண்ணீர் கலக்காத அடர்மருந்தை அளந்து ஊற்றும் நேரமே மிக ஆபத்தானது. இதில் வெளியே தெறிக்காமல் ஊற்ற முடிகிறது. உடன் வரும் அளவுக் குவளையில் கோடுகள் தெளிவாக இருப்பதால், சமையலறைக் கரண்டியைத் தேடவோ, குத்துமதிப்பாக ஒரு மூடி கூடுதலாக ஊற்றவோ தேவையில்லை. கையுறை மட்டும் தனியே வாங்க வேண்டும். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் நைட்ரைல் எனும் செயற்கை ரப்பர் கையுறையே பொருத்தம்.

பூச்சிமருந்துக்குக் கூம்பு வடிவில் தெளிக்கும் நாசிலும் (தெளிப்பு முனை), களைக்கொல்லிக்கு விசிறி போல் தெளிக்கும் நாசிலும் தந்திருக்கிறார்கள். ஆனால் அழுத்தத்தை முழுவதும் கூட்டினால் மருந்து புகைபோல் நுண்துளிகளாகி, லேசான காற்றிலும் பக்கத்துச் செடிகளுக்கும் நம் முகத்துக்கும் போய்விடுகிறது. பாதி அளவில் வைத்து, தேனீக்கள் பூவில் இல்லாத மாலை நேரத்தில் அடித்தபோது இலையின் அடிப்புறம்கூட நன்றாக நனைந்தது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது என்ற எச்சரிக்கையும் இல்லை. பழைய பல்துலக்கியும் தண்ணீரும் அந்த வேலைக்குப் போதும்.

பெரிய குறை டேங்கின் அடிப்பகுதி. எவ்வளவு சாய்த்தாலும் ஏறக்குறைய ஒரு தம்ளர் கரைசல் தங்கிவிடுகிறது. எனவே மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல், மருந்து அடித்த பயிரின் மேலேயே தெளித்துவிடுகிறேன். காலியான மருந்துப் புட்டியை டேங்க் நிரப்பும்போதே மூன்று முறை அலசி, அலசிய நீரை டேங்கிலேயே ஊற்றிவிட்டு, யாரும் மறுபடி பயன்படுத்தாதபடி அடியில் துளையிடுகிறேன். களைக்கொல்லிக்கு வேறொரு தெளிப்பானைத்தான் வைத்திருக்கிறேன்; 2,4-டி என்ற களைக்கொல்லி சிறிதளவு தங்கியிருந்தாலும் தக்காளியின் இளந்தளிர் முறுக்கிக்கொள்ளும்.

வீட்டுத் தோட்டத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இருபது தொட்டிகளுக்கு இரண்டு லிட்டர் கைத்தெளிப்பானே போதும்; பெரிய டேங்கில் கலந்தால் மிஞ்சும் கரைசலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி கொஞ்சமாக இருந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே உதிர்ந்துவிடும், மருந்தே வேண்டாம்.

வயலுக்கு, வாஷரை மாற்றிக்கொண்டால், வாங்கலாம். விசையை விட்ட பிறகும் கைப்பிடியில் இரண்டு மூன்று துளி சொட்டுவது மட்டும் இன்னும் தீரவில்லை. மாற்று வால்வு கேட்டு எழுதியிருக்கிறேன். அது கிடைக்கும்வரை இதில் நீலத் தண்ணீர் தவிர வேறெதையும் ஊற்றுவதாக இல்லை.