மேற்கோள் குறிக்கு உள்ளேயா, வெளியேயா?

ஆங்கிலத்தில் மேற்கோள் முடியும் இடத்தில் காற்புள்ளியை எங்கே வைப்பது? அமெரிக்க வழக்கில் கேள்விக்கே இடமில்லை: காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் குறிக்கு உள்ளேதான், அவை மேற்கோளைச் சேர்ந்தவையோ இல்லையோ. பிரிட்டிஷ் வழக்கு பொருளைப் பார்க்கிறது. புள்ளி மேற்கோளுக்கு உரியதென்றால் உள்ளே, நம் வாக்கியத்துக்கு உரியதென்றால் வெளியே.

வேறுபாடு கண்ணில் படும் இடம் ஒன்று உண்டு. கடவுச்சொல் “மேங்கோ77” என்று எழுதி வாக்கியத்தை முடிக்கிறோம். அமெரிக்க முறையில் அது “மேங்கோ77.” என்றாகிவிடும். அந்தப் புள்ளியையும் தட்டச்சு செய்ய வேண்டுமா என்று படிப்பவர் குழம்புவார். கணினி தொடர்பாக எழுதுவோர் பலர் பிரிட்டிஷ் முறையை விரும்புவதற்கு இதுவே காரணம். ஆங்கில விக்கிப்பீடியாவும் பொருள் பார்த்தே புள்ளி வைக்கிறது.

கேள்விக்குறிக்கும் வியப்புக்குறிக்கும் இரு நாட்டிலும் பொருளே அளவுகோல். அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும் அமெரிக்காவிலும் வெளியேதான். கதை உரையாடலில், ‘வா,’ என்றாள் என்பதுபோல், பிரிட்டிஷ் பதிப்பாளர்களும் காற்புள்ளியை உள்ளேதான் வைக்கிறார்கள். ஒற்றை மேற்கோள் குறியே அங்கு பெரும்பாலும் வேறுபாடு.

எனக்குப் பிரிட்டிஷ் முறையே நேர்மையானதாகப் படுகிறது. பிறர் சொல்லாத புள்ளியை அவர் வாயில் திணிப்பதில்லை. ஆனால் அமெரிக்க இதழுக்கு அனுப்பும் கட்டுரையில் அவர்கள் முறையையே தயங்காமல் பின்பற்றுங்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலப்பதுதான் பெரிய பிழை.