எஸ்பிடியா, வோல்டேஜ் ரிலேயா: டிபி பாக்ஸில் எதை முதலில் மாட்டுவது?

வீட்டு வயரிங்கை மாற்றியபோது, வீட்டுக்குள் கரன்ட் பிரியும் டிபி பாக்ஸில் எஸ்பிடி (இடியால் வரும் திடீர் வோல்டேஜ் பாய்ச்சலைத் தடுக்கும் கருவி) போடலாம் என்றார் எலக்ட்ரீஷியன். நான் ஓவர் வோல்டேஜ் ரிலேயை (வோல்டேஜ் அளவு மீறினால் கரன்ட்டைத் துண்டிக்கும் கருவி) முதலில் மாட்டச் சொன்னேன். எஸ்பிடி பிறகுதான் வந்தது. இன்றைக்குக் கேட்டாலும் அதே வரிசைதான் சொல்வேன்.

மற்ற பாதுகாப்புச் சாதனங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஸ்பைக் கார்டு என்று விற்கும் மலிவுச் சரக்கில் பலவும் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்; உள்ளே எம்ஓவி (ஏறிய வோல்டேஜை உள்வாங்கும் பாகம்) இருந்தால்தான் அது கார்டு. ஸ்டெபிலைசர் ஒரு ஏசிக்கோ ஃபிரிட்ஜுக்கோ சரி, வீடு முழுவதற்கும் என்றால் செலவும் இடமும் கட்டாது. எம்சிபி, ஆர்சிசிபி எல்லாம் இருக்கிறதே என்றால், முன்னது அதிகக் கரன்ட் போனால் விழும், பின்னது எர்த் லீக்கேஜுக்கு விழும். வோல்டேஜ் ஏறுவதைக் கவனிப்பது இரண்டின் வேலையும் இல்லை.

மிச்சம் எஸ்பிடியும் ரிலேயும். கடையில் இரண்டையுமே ‘சர்ஜுக்கு நல்லது’ என்றுதான் கொடுக்கிறார்கள். ஆனால் பார்க்க வேண்டியது, ஏறிய வோல்டேஜ் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத்தான்.

பக்கத்தில் இடி விழுந்தால் லைனில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ந்து, மைக்ரோ செகண்டுகளில் ஓய்ந்துவிடும். ரிலே விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அங்கே எஸ்பிடிதான், பாய்ச்சலை அப்படியே எர்த்துக்குத் திருப்பிவிடும்.

நியூட்ரல் கட், அதாவது கரன்ட் திரும்பிப் போகும் கம்பி அறுவது, வேறு ரகம். எங்கள் தெருவில் காற்றடித்தால் தென்னை மட்டை லைனில் விழுவது வாடிக்கை. அப்படி நியூட்ரல் கம்பி அறுந்தால், ஒரு ஃபேஸில் இருக்கும் சாமான்களும் இன்னொரு ஃபேஸில் இருக்கும் சாமான்களும் 400 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாகக் கோத்ததுபோல் ஆகிவிடும். ஒரு பக்கம் 2000 வாட் கீசர், மறுபக்கம் 100 வாட் டிவி மட்டும் ஓடுகிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் டிவிக்கு ஏறக்குறைய 380 வோல்ட் போகும், கீசருக்கு 20 வோல்ட்தான் மிஞ்சும். சின்ன லோடுக்குத்தான் பெரிய அடி. அதனால்தான் ஒரு அறையில் ஃபேன் நகராமல் நிற்கும்போது அடுத்த அறையில் எல்இடி பல்பு கண்ணைக் கூசவைக்கும். லைன்மேன் வந்து ஆஃப் செய்யும்வரை இது நீடிக்கும். அரை மணி நேரம்கூட ஆகலாம். சிங்கிள் ஃபேஸ் வீடு என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. உங்கள் சர்வீஸ் வயரில் மட்டும் நியூட்ரல் போனால் கரன்ட் நின்றுவிடும், அவ்வளவுதான். தெரு லைனில் போனால் நீங்களும் அந்தச் சரத்தில் கோத்த ஒரு மணி.

இந்த இடத்தில் எஸ்பிடி என்ன செய்யும்? வீட்டுக்குப் போடுபவை பெரும்பாலும் 275 அல்லது 320 வோல்ட் வரை தாங்குபவை. 380 வோல்ட் விடாமல் வந்தால் உள்ளிருக்கும் எம்ஓவி சூடேறி, தன்னையே லைனிலிருந்து துண்டித்துக்கொள்ளும். எஸ்பிடியின் முகப்பில் நிலையைக் காட்டும் பச்சை ஜன்னல் சிவப்பாகும். டிவி அதன்பிறகும் அதே 380-இல்தான் ஓடிக்கொண்டிருக்கும். ரிலே என்றால் 270-ஐத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் மொத்த வீட்டையும் கழற்றிவிட்டு, வோல்டேஜ் சரியான பிறகு தானாகவே திரும்பக் கொடுக்கும்.

இன்னொரு சங்கடம் எஸ்பிடிக்கு நல்ல எர்த் வேண்டும் என்பது. சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் எர்த் பிட்டை நம்பி எஸ்பிடி போடுவதில் முழுப் பலன் வராது. எஸ்பிடியை இணைக்கும் வயரும் மொத்தம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். நீள நீள, இடியின்போது சாமான்களுக்குப் போகும் வோல்டேஜும் கூடும். பல வீடுகளில் இடம் கிடைத்த மூலையில் மாட்டி, வயரைச் சுருட்டி விட்டிருக்கிறார்கள்.

எங்கள் பகுதியில் நேரடி இடி அபூர்வம். மாட்டிய எஸ்பிடி இதுவரை எதையாவது தடுத்ததா என்று காட்ட என்னிடம் ஆதாரம் இல்லை, ஜன்னல் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. ரிலே விழுந்ததை மட்டும் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெட்டவெளியில் தனி வீடு, அடிக்கடி இடி என்றால் என் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் சேர்த்தே போடுங்கள். எரிந்த டிவி பேனலை மாற்றும் காசுக்கு இரண்டுமே வந்துவிடும்.

ரிலே வாங்கும்போது அதுவே 400 வோல்ட்டைத் தாங்குமா என்று பெட்டியில் பாருங்கள். தாங்காததை வாங்கினால் முதலில் எரிவது அதுதான். த்ரீ ஃபேஸ் வீட்டுக்கு ஃபேஸுக்கு ஒன்றாகவோ, மூன்றுக்கும் சேர்ந்த ஒன்றாகவோ வேண்டும். திரும்பக் கொடுக்கும் நேரத்தை 3 நிமிடம் வையுங்கள், ஃபிரிட்ஜ் கம்ப்ரசருக்கு அது தேவை. லோ கட்டை, அதாவது வோல்டேஜ் குறைந்தால் ரிலே விழும் அளவை, 180-இல் வைத்தால் கோடைச் சாயங்காலங்களில் ஓயாமல் விழுந்து வீட்டில் திட்டு வாங்க வேண்டிவரும். நான் 170-க்கு இறக்கிவிட்டேன்.