அம்மா படத்தை ஸ்டூடியோவில் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

போன மார்ச் மாதம் அம்மா இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் தயார் செய்யும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தம்பிக்கு மற்ற வேலைகள் தலைக்கு மேல் இருந்தன. படத்தில் எங்களுக்கு நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். துக்க வீட்டில் நிதானமாக யோசிக்க யாருக்கும் முடியாது என்பதால், இப்போதே ஒரு முறை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் போட்டோ என்றாலே ஆகாது. 1958-இல், ஆறு வயதில், பெரியம்மை கண்டு பிழைத்தவள் அவள். முகம் முழுக்கத் தழும்பு. கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொள்வாள், இல்லையென்றால் அடுப்படிக்குப் போய்விடுவாள். கைபேசியில் எங்களிடம் இருந்த படங்கள் எல்லாம் கடைசி இரண்டு வருடங்களில், நோயில் இளைத்துப் போனபிறகு எடுத்தவை. நல்லதாக ஒன்றே ஒன்று இருந்தது. 2003-இல் தம்பி கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. மேக்ஸி சைஸ் பிரிண்ட். ஒன்பது பேருக்கு நடுவில், அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், வாயை மூட மறந்து சிரித்துவிட்டாள். முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், அது தெரிகிறது. இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் சின்னது. இரண்டு பக்கமும் மூக்குத்தி. மேலுதட்டுக்கு மேலே ஒரு மச்சம். எங்கள் அம்மா அப்படித்தான் இருப்பாள்.

அந்தப் படத்தில் ஆங்காங்கே பூஞ்சைப் புள்ளி விழுந்திருந்தது. அம்மாவின் நெற்றியிலும் தாடையிலும்கூட இருந்தது. மதுரையில் ஒரு பெரிய ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். பெயரைப் போடவில்லை. வேறு பல கடைகளிலும் இதே வேலைதான் நடக்கிறது என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அங்கே கம்ப்யூட்டரில் இருந்த பையனிடம் தெளிவாகத்தான் சொன்னேன்: அம்மாவை மட்டும் தனியாக எடுக்க வேண்டும், புள்ளிகளை நீக்க வேண்டும், 12க்கு 15 அங்குல அளவில் பிரேம் போட வேண்டும். அவ்வளவுதான்.

"நாங்க பாத்துக்குறோம்க்கா. அம்மாவ சூப்பரா கொண்டு வந்துரலாம்" என்றான்.

மொத்தம் 2,800 ரூபாய். 1,500 ரூபாய் முன்பணம் கட்டினேன். ஒரு துண்டுச் சீட்டில் "போட்டோ 12×15, பிரேம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். வேறு எதுவும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் படத்தைத் தாளில் சுற்றி, கயிறு கட்டித் தந்தார்கள். வீட்டில் விருந்தாள் வந்துகொண்டிருந்த நேரம். கடையில் பிரித்துப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். கூடத்தில் வைத்துப் பிரித்தோம். சித்தி சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள். பொட்டு வைக்க விரலை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது யாருடி?"

முகம் வெளுத்திருந்தது. ஒரு தழும்பு இல்லை. கண் இரண்டும் பெரிதாக, ஒரே அளவில் இருந்தன. மூக்கு ஒடுங்கி, ஒரு பக்கத்து மூக்குத்தி காணாமல் போயிருந்தது. உதட்டில் ரோஜா நிறம். மச்சம் போய்விட்டது. பல் வரிசையாகிவிட்டது. சேலையும் கழுத்துச் சங்கிலியும் அம்மாவுடையவை. முகம் வேறு யாரோ ஒரு பெண்ணுடையது. என் மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மாச்சி சிரிச்சா இப்படி இருக்காதும்மா" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் காரியம். வேறு வழி இல்லை. அந்தப் படத்துக்கே மாலை போட்டு, விளக்கு வைத்தோம். வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் கும்பிட்டார்கள். ஊரிலிருந்து வந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா கல்யாணத்துக்கு முன்னால எடுத்ததாம்மா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் ஸ்டூடியோவுக்குப் போனேன். பையன் சண்டைக்கு வரவில்லை. "எல்லாரும் இப்படித்தான்க்கா கேக்குறாங்க. தழும்பு, கருப்பு அப்படியே இருந்தா என்னப்பா வேலை பாத்தன்னு திருப்பிக் கொண்டு வர்றாங்க" என்றான். அவன் சொன்னதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இருக்கிறபடி இருக்கட்டும் என்று சொல்கிற வாடிக்கையாளரை அவன் அதிகம் பார்த்திருக்க மாட்டான். ஆனால் நான் அப்படிக் கேட்கவில்லையே. என்ன செய்தாய் என்று காட்டச் சொன்னேன். படத்தை முதலில் ஒரு ஏஐ மென்பொருளில் போட்டு முகத்தைத் 'தெளிவாக்கி', அப்புறம் போட்டோஷாப்பில் கண், மூக்கை 'செட்' பண்ணி, தோலை 'ஸ்மூத்' பண்ணியிருக்கிறான். அரை மணி நேர வேலை என்று அவனே சொன்னான்.

பழைய ஸ்கேனைக் கொடு, வேறு இடத்தில் செய்துகொள்கிறேன் என்றேன். ஸ்கேனைத் தனியாக வைக்கவில்லை, அதன் மேலேயே வேலை செய்து ஜேபெக்காகச் சேமித்துவிட்டான். சரி, ஒரிஜினலையாவது கொடு என்றேன். கவரிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஸ்கேன் செய்வதற்கு முன் பூஞ்சையை ஈரப் பஞ்சால் துடைத்திருக்கிறார்கள். அம்மாவின் தாடையிலிருந்து கழுத்து வரைக்கும் வெள்ளையாகப் பெயர்ந்து போயிருந்தது.

இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். பழைய போட்டோ பிரிண்டில் படம் இருப்பது தாளின் மேலே உள்ள மெல்லிய ஜெலட்டின் படலத்தில்தான். பூஞ்சை அந்த ஜெலட்டினைத் தின்றுதான் வளர்கிறது. பூஞ்சை பிடித்த இடம் தண்ணீர் பட்டதும் கரைந்து, துடைக்கிற பஞ்சோடு வந்துவிடும். பூஞ்சை விழுந்த படத்தைக் கடைக்காரர் மட்டும் இல்லை, நீங்களும் வீட்டில் ஈரத் துணியால் தொடாதீர்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தையும் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்ய முடியும்.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிற என் மகள்தான் மற்றதை எனக்குப் புரியவைத்தாள். ஸ்டூடியோவில் 300 டிபிஐயில், அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஸ்கேன் செய்திருக்கிறார்கள். குரூப் போட்டோவில் அம்மாவின் முகம் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். 300 டிபிஐ என்றால் அந்த முகத்துக்குக் கிடைப்பது சுமார் 177 பிக்சல். அதை 12க்கு 15 படத்தில் ஐந்து அங்குல உயர முகமாகப் பெரிதாக்கினால் மங்கலாகத்தான் வரும். அங்கேதான் ஏஐ உள்ளே வருகிறது. இல்லாத விவரத்தை அதனால் கண்டுபிடிக்க முடியாது. தான் முன்பு பார்த்துப் பழகிய முகங்களை வைத்து, இந்த இடத்தில் இப்படி ஒரு கண் இருக்கலாம், இப்படி ஒரு தோல் இருக்கலாம் என்று ஊகித்துப் புதிதாக வரைகிறது. 2021-இல் வந்த ஜிஎஃப்பிகேன் என்ற முக மீட்பு மென்பொருளுக்குப் பயிற்சி கொடுத்தது ஃப்ளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகப் படங்களைக் கொண்டு. நாங்கள் கொடுத்த கடையில் எதைப் பயன்படுத்தினான் என்று பையனுக்கே பெயர் சொல்லத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அம்மைத் தழும்பை அது அழுக்கு என்றோ படத்தில் விழுந்த பழுது என்றோ எடுத்துக்கொண்டிருக்கும், அல்லது அடுத்து வந்த 'ஸ்மூத்' அழித்திருக்கும். மூக்குத்தியும் மச்சமும் அப்படிப் போனவைதான்.

மீதியைச் செய்தது ஃபோட்டோஷாப். அதில் லிக்விஃபை என்ற வசதி 2000-ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. ஆனால் அப்போது கையால் மெல்ல மெல்லத் தள்ள வேண்டும். 2016 பதிப்பிலிருந்து அது முகத்தைத் தானே அடையாளம் கண்டுகொள்கிறது. கண்ணின் அளவு, இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தூரம், மூக்கின் அகலம், சிரிப்பு, தாடை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்லைடர். இழுத்தால் போதும். 2020 கடைசியில் வந்த நியூரல் ஃபில்டர்ஸில் தோலை வழவழப்பாக்குவதற்கு இன்னும் இரண்டு ஸ்லைடர். ஒரு முகம் வேறு முகமாக மாற இரண்டு நிமிடம் போதும், செய்கிறவன் அந்த மனிதரை ஒரு நாளும் பார்த்திருக்கவே வேண்டாம்.

பிறகு ஒரு நல்லது நடந்தது. தம்பியின் மாமியார் வீட்டு ஆல்பத்தில் அதே குரூப் போட்டோ இன்னொரு பிரதி இருந்தது. அதிலும் புள்ளிகள் உண்டு, ஆனால் முகம் முழுசாக இருந்தது. இந்த முறை படத்தை நான் கையை விட்டு எங்கும் கொடுக்கவில்லை. விசாரித்து, பிலிம் காலத்திலிருந்து டச்சிங், அதாவது படத்தைத் திருத்துகிற வேலை செய்கிற ஒருவரிடம் போனேன். வயது எழுபதுக்குப் பக்கம். நான் கண்முன்னே உட்கார்ந்திருக்க, உலர்ந்த தூரிகையால் தூசி தட்டி, 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, திருத்தாத ஸ்கேனை முதலில் என் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அப்புறம்தான் வேலையை ஆரம்பித்தார். அம்மாவைப் பற்றி நிறைய கேட்டார். "இது தழும்பா, பூஞ்சையா?" என்று ஒவ்வொரு புள்ளியாகத் திரையில் காட்டிக் கேட்டார். நெற்றியில் ஒன்று எனக்கே சந்தேகம். சித்திக்கு போன் போட்டுக் கேட்டோம்.

நெகட்டிவில் பென்சில் வைத்து டச்சிங் செய்த காலத்தைப் பற்றிச் சொன்னார். கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையம், ஆழமான சுருக்கம், பரு இவற்றைக் கொஞ்சம் வெளுக்க வைக்கலாம், மூக்கை ஒடுக்குவதெல்லாம் பென்சிலால் ஆகாது என்றார். இப்போதும் அவர் அதே அளவில்தான் வேலை செய்கிறார். பூஞ்சை இருந்த இடத்தில் மட்டும் பக்கத்துத் தோலை எடுத்து வைத்தார், அதையும் தனி லேயரில், அதாவது மூலப் படத்தைத் தொடாமல் அதன் மேல் ஒரு தனி அடுக்கில். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த லேயருக்குப் பக்கத்தில் உள்ள கண் குறியை அணைத்தும் ஏற்றியும் காட்டினார். மாறியது எது, மாறாதது எது என்று எனக்கே தெரிந்தது. படம் பழசாகிச் சிவப்பேறியிருந்தது. பக்கத்தில் நின்ற அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்து நிறத்தைச் சரி செய்தார். சட்டை வெள்ளையானதும் அம்மாவின் முகம் தன் கருப்புக்குத் திரும்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

12க்கு 15 வேண்டாம், முகம் புள்ளி புள்ளியாக உடையும், 8க்கு 10 போடுங்கள் என்றார். கேட்டுக்கொண்டேன். 900 ரூபாய் வாங்கினார்.

எனவே படம் கொடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கொடுப்பதற்கு முன் கைபேசியிலாவது அதை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஸ்கேன் செய்து அந்த ஃபைலை மட்டும் கொடுங்கள், ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். சின்ன முகம் என்றால் 1200 டிபிஐ என்று வாய்விட்டுக் கேளுங்கள். நெகட்டிவ் இருந்தால் அதைத் தேடி எடுங்கள், பிரிண்டைவிட நல்லது. ரசீதில் "முகத்தின் வடிவம், நிறம், தழும்பு, மச்சம், பல் எதையும் மாற்றக் கூடாது, ஏஐ பயன்படுத்தக் கூடாது" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் வேறு கடைக்குப் போங்கள். பிரிண்ட் போடுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் படத்தை வாங்கி, அவரோடு வாழ்ந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். பழைய படத்தையும் புதியதையும் ஒரே அளவாக்கி, மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். கண்ணும் மூக்கும் நகர்ந்திருந்தால் குதிப்பது உடனே தெரியும்.

எங்களுக்கு நடந்ததைப் போல நடந்துவிட்டால், இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் ரசீது வேண்டும், அதில் என்ன வேலை என்று எழுதியிருக்க வேண்டும். என்னிடம் இருந்தது "போட்டோ 12×15, பிரேம்". அதை வைத்து நான் மேலே போகவில்லை. மீதி 1,300 ரூபாயை ஸ்டூடியோக்காரர்கள் என்னிடம் வாங்கவில்லை, அதோடு முடிந்தது.

புதுப் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. சித்தி வந்து தழும்பு, மூக்குத்தி, மச்சம் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம்தான் பொட்டு வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் கல்லூரி கேமராவைக் கொண்டுவந்திருந்தாள். அப்பாவை வாசலில், பகல் வெளிச்சத்தில் உட்காரச் சொன்னோம். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. உள்ளே போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.