பிறரைத் தவறாகத் தீர்ப்பிடுதல் பற்றி ஒருநாள் தவக்காலத் தியானம், ராமேசுவரம் தீவு: போகலாமா?

போகலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போங்கள். வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாமல் இருந்தால் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குறைகளும் இருக்கின்றன, அதில் ஒன்று பெரிய குறை, அதையும் எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் நம் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகளில் தியானத்துக்குப் பஞ்சமே இல்லை. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று ஊருக்கு ஊர் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் பாட்டு, கைதட்டல், அழுகை, கடைசியில் நோய் நீங்கச் செபம். அதைக் குறை சொல்லவில்லை, பலருக்கு அது ஆறுதல். ஆனால் இந்தத் தவக்காலத்தில் தீவில் ஒரு பங்கில் நடந்த இந்தத் தியானம் காலையிலிருந்து சாயந்திரம் வரை ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டது: அடுத்தவனைப் பற்றி நாம் மனதுக்குள் எழுதிவைக்கிற தீர்ப்பு. பங்கின் பெயரை நான் எழுதவில்லை. மைக்கில் பேசியவர்கள் சொந்த வீட்டுக் கதையைச் சொன்னார்கள், ஊர்ப் பெயரைப் போட்டால் யார் என்று பக்கத்து ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். நடத்துகிற குழு, ஒரு சாமி, அதாவது பாதிரியார், இரண்டு சிஸ்டர், பாட்டுக்குச் சில பிள்ளைகள், ஊர் ஊராகப் போகிறது. உங்கள் பங்குக்கும் வரக்கூடும், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கட்டணம் கிடையாது, வாசலில் காணிக்கைப் பெட்டி மட்டும். கோயிலை ஒட்டிய ஹாலில் தரையில் பாய், முட்டிவலிக்காரர்களுக்கு ஓரமாக நாற்காலி. மதியம் கஞ்சியும் துவையலும் சுண்டலும், தவக்காலம் என்பதால் மீன் இல்லை, யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. மைக் எதிரொலித்தது. பின்னால் உட்கார்ந்த பாட்டிமாருக்குப் பாதி கேட்டிருக்காது. முன்னாடி போய் உட்காருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மத்தேயு ஏழாம் அதிகாரம், அடுத்தவன் கண்ணில் துரும்பு, தன் கண்ணில் மரக்கட்டை, அதில்தான் தொடங்குவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சாமி அதில் ரொம்ப நேரம் நிற்கவில்லை. நேராக யோவான் ஏழாம் அதிகாரத்துக்குப் போய்விட்டார். தீர்ப்பிடாதீர்கள் என்று சொன்ன அதே இயேசு அங்கே, தோற்றத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், நீதியோடு தீர்ப்புச் சொல்லுங்கள் என்கிறார். அப்படியானால் தீர்ப்பே கூடாது என்று அர்த்தமில்லை. செய்த செயல் தப்பு என்று சொல்லலாம், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லியே ஆகவேண்டும். அவன் எந்த மனசோடு செய்தான், கடவுள் முன்னால் அவன் நிலை என்ன என்று முடிவு கட்டுவதற்குத்தான் நமக்கு உரிமை இல்லை. இந்த இடத்தில் ஒரு இளம்பெண் எழுந்து, குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பற்றி வெளியே சொன்னால் அதுவும் தீர்ப்பிடுவதா சாமி என்று கேட்டாள். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இல்லைம்மா, அடிக்கிறது குற்றம், காவல் நிலையத்தில் சொல்லு, உன் அம்மா வீட்டில் சொல்லு, என்னிடமும் சொல்லு என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே இந்தத் தியானத்தை மற்றவர்களுக்குச் சொல்லலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ‘தீர்ப்பிடாதே’ என்ற வசனத்தை வைத்து அடிபட்டவளின் வாயை அடைக்கிற பேச்சை நம் ஊர்களில் எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது.

அடுத்து அன்னாவும் ஏலியும், சாமுவேல் முதல் நூல் முதல் அதிகாரம். பிள்ளை இல்லாத அன்னா சீலோவில் ஆண்டவர் முன் அழுது வேண்டுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. குரு ஏலி பார்த்துவிட்டு, எத்தனை நேரம் குடிபோதையில் இருப்பாய் என்று கேட்டுவிடுகிறார். வெளியூரிலிருந்து வந்து கோயிலில் அழுகிற ஒரு பெண்ணிடம் ஒரு குரு பேசுகிற பேச்சு! அவள், இல்லை ஐயா, நான் குடிக்கவில்லை, மனசு நொந்துபோனவள், உள்ளத்தை ஆண்டவர் முன்னால் கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்கிறாள். இந்தக் கதையில் நாம் கவனிக்காமல் விடுகிற பக்கம் ஒன்று உண்டு, சாமி அதை எடுத்தார். இதே ஏலியின் சொந்த மகன்கள் இருவர் பலி கொடுக்க வருகிறவர்களின் இறைச்சியை மிரட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அவர் அடக்கவில்லை. முன்பின் தெரியாதவளின் உதட்டைக் கவனித்த மனுஷன் தன் வீட்டுக்குள் நடந்ததைத் தடுக்காமல் விட்டார். ஆனால் ஏலியிடம் ஒரு நல்ல குணம் இருந்தது: அவள் சொன்னதும் அப்படியே நம்பினார், சமாதானமாகப் போ என்று ஆசி கொடுத்தார், தன் கௌரவத்துக்காக விவாதம் பண்ணவில்லை.

இதைக் கேட்டுக் கடற்பாசி எடுக்கப் போகிற ஒரு அக்கா எழுந்தார்கள். நம் பக்கத்துப் பெண்கள் விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, சேலைக்கு மேலே சட்டை போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் முங்கி முங்கிப் பாசி பிடுங்குகிறவர்கள். உப்புத் தண்ணீரில் கிடந்துவிட்டுக் கரையேறும்போது கண் இரண்டும் கோவைப்பழமாக இருக்கும், காலும் நிலையாக நிற்காது. அப்படியே கடைக்குச் சாமான் வாங்கப் போனால், ‘இவளும் ஊத்திக்கிட்டு வந்துட்டா’ என்று பின்னால் பேச்சு. ‘புருஷன் இல்லாதவ, அதனால எது சொன்னாலும் ஒட்டிக்கும்’ என்றார்கள் அந்த அக்கா. அழவில்லை, குரலும் உயரவில்லை. பேசும்போது விரல் நுனியில் பாறை கிழித்த வெள்ளைக் கோடுகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்கள். ஞாயிறு காலைப் பூசைக்கு அவர்கள் சில வாரம் வராததற்கும் பக்தி இல்லை என்று பெயர். கடல் வாங்கி நிற்கிற நேரத்தை விட்டால் அன்றைக்குக் கூலி இல்லை என்பது கடற்கரையில் பிறந்த நமக்கே மறந்துபோகிறது.

பவுலும் விரியன் பாம்பும் பகுதி கடற்கரைக்காரர்களுக்கு என்றே எழுதியதுபோல் இருந்தது. கப்பல் உடைந்து 276 பேர் மால்தா தீவில் கரையேறுகிறார்கள், மழை, குளிர். தீவுக்காரர்கள் நெருப்பு மூட்டி அன்பாகத்தான் கவனிக்கிறார்கள். பவுல் சுள்ளி போடும்போது பாம்பு கையைக் கவ்வியதும், இவன் கொலைகாரன், கடலில் தப்பினாலும் நீதி விடவில்லை என்கிறார்கள். அவர் சாகவில்லை என்றதும் இவர் தெய்வம் என்கிறார்கள். இரண்டுமே தப்பு. கெட்டது நடந்தால் அது பாவத்துக்கான கூலி என்கிற அந்த எண்ணம் நம்மிடம் நன்றாகவே வேரூன்றிக் கிடக்கிறது. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன பையனின் வீட்டைப் பார்த்து, அந்தக் குடும்பம் என்ன செய்ததோ என்பார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடும் கடல் அடித்துக்கொண்டு போன ரயிலோடும் போன மக்களைப் பற்றிக்கூட அப்படிப் பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். இயேசு இதற்கு லூக்கா 13இல் நேரடியாகவே பதில் சொல்லியிருக்கிறார்: சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை. இதைச் சாமி இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார், இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

என்னைக் கேட்டால் நாளிலேயே சிறந்த பகுதி மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்ததுதான், அதுவும் நான் கோயிலில் பிரசங்கமாகக் கேட்டே இராத ஒரு இடம்: யோசுவா 22. யோர்தானுக்குக் கிழக்கே குடியேறிய ரூபன், காத்து, மனாசேயின் பாதிக் குலத்தார் ஆற்றோரம் பெரிய பலிபீடம் ஒன்று கட்டுகிறார்கள். மற்ற குலங்களுக்குச் செய்தி போகிறது. ஆண்டவரை விட்டு விலகிவிட்டார்கள் என்று சீலோவில் கூடிப் போருக்கே தயாராகிவிடுகிறார்கள். ஆனால் வாளை எடுக்குமுன் குரு பினகாசையும் பத்துத் தலைவர்களையும் அனுப்பிக் கேட்கிறார்கள். பதில் யாருமே எதிர்பார்க்காதது. இது பலியிடக் கட்டியது இல்லை, நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளிடம் உங்களுக்கு ஆண்டவரில் பங்கில்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்று சாட்சிக்குக் கட்டினோம் என்கிறார்கள். ஒரு பக்கம் துரோகம் என்று நினைத்ததை இன்னொரு பக்கம் பயத்தில், பாசத்தில் கட்டியிருக்கிறது. போர் நின்றது. நேரில் போய்க் கேட்டதால் நின்றது.

இதை விசைப்படகு, நாட்டுப்படகு சண்டையோடு அவர் சேர்த்ததும் ஹாலில் எல்லாரும் நிமிர்ந்துவிட்டார்கள். நாட்டுப்படகுக்காரர் ஒருவர், வயசானவர், ‘வலையை அறுத்தவன் வேணும்னு அறுத்தானா, இருட்டுல தெரியாம ஏறிப்போனானான்னு நாங்க ஒருநாளும் போய்க் கேட்டதில்ல சாமி’ என்றார். உடனே எல்லாரும் கைதட்டி அதோடு விட்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. சாமி விடவில்லை. எப்படி அறுந்தாலும் வலை நஷ்டம் நஷ்டம்தான், அதைக் கேட்டு வாங்குங்கள், அவன் உள்ளத்தை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள் என்றார். காலையில் சொன்ன பாடம் இங்கே கையில் பிடிக்கிற மாதிரி வந்தது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இலங்கைத் தமிழ் மீனவர்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்டிருக்கலாம். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் ஒரே பூசையில் நிற்கிறோம், ஒரே பாஷை, ஆனால் கடலடியை வாரிக்கொண்டு போகிற நம் இழுவைமடி வலையால் அவர்களுக்கு என்ன ஆகிறது என்று அங்கே எத்தனை பேர் கேட்கிறோம்?

சிஸ்டர் எடுத்த வகுப்பு கொஞ்சம் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தாலும் சரக்கு இருந்தது. போதுமான ஆதாரம் இல்லாமல் அடுத்தவரிடம் குற்றம் இருப்பதாக மனதுக்குள் ஏற்றுக்கொள்வதே பாவம், வாயைத் திறக்க வேண்டியதில்லை, இது திருச்சபையின் மறைக்கல்வி எட்டாம் கட்டளையின் கீழ் சொல்வது. உண்மையான குறையையே தகுந்த காரணமில்லாமல் பரப்புவது தனிப் பாவம், பொய்யைப் பரப்புவது வேறு. சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அக்குவினா தோமையார் சொன்ன காரணங்களை விளக்கினார்கள்: தானே கெட்டவனாக இருந்தால் எல்லாரும் தன்னைப்போல் தெரிவார்கள், பிடிக்காதவன் என்றால் சின்ன அடையாளமே போதும், அப்புறம் நீண்ட அனுபவம். கெட்டவனை நல்லவன் என்று நினைத்துப் பலமுறை ஏமாந்தாலும் பரவாயில்லை, நல்லவன் ஒருவனைக் கெட்டவன் என்று நினைப்பதைவிட அது மேல் என்பதும் அவர் சொன்னதுதான். இஞ்ஞாசியார் சொன்ன வழி இன்னும் நடைமுறைக்கு உகந்தது: அடுத்தவர் சொன்னதை முதலில் நல்ல அர்த்தத்தில் எடுக்கப் பார், முடியவில்லையா, அவரையே கேள், அவர் தப்பாகத்தான் சொல்கிறார் என்றால் அன்போடு திருத்து. அங்கிருந்து பேச்சு நம் பக்கத்துத் திருத்தலமான ஓரியூருக்கு வந்தது. 1693 பிப்ரவரி 4இல் அங்கே தலை வெட்டப்பட்ட மிஷனரி அருளானந்தர், அதே இஞ்ஞாசியார் தொடங்கிய இயேசு சபை. அவருக்கு முன்னாலேயே மதுரையில் காவி உடுத்தி, இறைச்சி விட்டு வாழ்ந்த இயேசு சபைக் குரு தெ நோபிலியை, விசுவாசத்தை விட்டுவிட்டார் என்று குற்றம் சாட்டியவர்களில் அவர் சபையினரே இருந்தார்கள். ரோமையிலிருந்து அந்த வழிக்கு அனுமதி வர 1623 ஆயிற்று. ஓரியூருக்கு வண்டி கட்டிப் போகிற நம் ஆட்களுக்கு இது தெரியாது, தெரிந்திருக்க வேண்டும்.

இனி குறைகள். பெரிய குறை இது: கெடுத்த பெயரைத் திருப்பிக் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று மணிக்கு மேல் நேராகப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. மன்னிப்பு கிடைக்கும், சரி. அந்தப் பாசி எடுக்கிற அக்காவைக் குடிகாரி என்று சொன்னவர் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தால், கடைத்தெருவில் அக்காவின் பெயர் எப்படி நிமிரும்? பிறர் பெயரைக் கெடுத்தவர் அதைச் சரிசெய்யக் கடமைப்பட்டவர், பாவமன்னிப்பு பெற்றாலும் அந்தக் கடமை நீங்காது என்று அதே மறைக்கல்வி சொல்கிறது. வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் போட்டுக் கெடுத்தால் அதே குழுவில் வாய்ஸ் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். இரண்டு பாட்டைக் குறைத்தாலே அந்த நேரம் கிடைத்திருக்கும்.

இன்னொன்று, மைக்கைக் கூட்டத்தில் சுற்றவிட்ட விதம். ஒருவர் தன்னைப் பற்றிப் பேசுவதாகத் தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்பதில் போய் நின்றார். பெயர் சொல்லவில்லை, ஆனால் ஹாலில் பாதிப் பேருக்குத் தெரிந்தது, சிலர் திரும்பியே பார்த்தார்கள். அந்த ஆள் அங்கே இல்லை, பதில் சொல்லவும் முடியாது. சிஸ்டர் அந்த இடத்திலேயே மைக்கை வாங்கியிருக்க வேண்டும், வாங்கவில்லை. நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து முன்கூட்டியே ஒரு விதி சொல்லிவிடுங்கள்: இங்கே இல்லாதவர் கதை வேண்டாம்.

நாளையும் மாற்றுங்கள். சனிக்கிழமை விசைப்படகு கடலுக்குப் போகிற நாள், அதனால் வந்தவர்களில் ஆண்கள் ரொம்பக் குறைவு, யோசுவா 22 கேட்க வேண்டியவர்கள் பலர் கடலில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வைத்து, அன்பியம் என்கிற தெருக்குழுக்கள் வழியாக இரண்டு வாரம் முன்னாடியே சொல்லிவிட்டால் படகுக்காரர்களும் வருவார்கள், விசைப்படகு, நாட்டுப்படகுச் சங்கத் தலைவர்களை வீட்டுக்குப் போய்த் தனியாக அழைத்தால் இரண்டு சங்கத்து ஆட்களும் ஒரே பாயில் உட்காருவார்கள்.