பத்து வருசமாக வைத்திருக்கும் .கோ.யூகே பெயர்: அப்புத்தளையில் இருந்து ஒரு விமர்சனம்

இலங்கை மலையகத்தில், அப்புத்தளை ரயில் நிலையத்தில் இருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கிறது எங்கள் விருந்தினர் விடுதி. நான்கே அறைகள். விடியற்காலையில் லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனைக்கு ஏறப் போகிறவர்களுக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்து அனுப்புவோம். வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கிலாந்துக்காரர். அதனால்தான் 2011 இல் வெப்சைட் போடும்போது, "கோ.யூகே பெயர் எடுப்போம் அக்கா, அவங்களுக்குப் பழகின பெயர், நம்பிக் காசு கட்டுவாங்க" என்று லண்டனில் இருக்கும் தம்பி சொன்னான். .கோ.யூகே (.co.uk) என்பது வெப்சைட் முகவரியின் முடிவில் வரும் பிரித்தானிய வால்.

அவன் சொன்னது சரிதான். நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். இத்தனை வருசத்தில் அந்தப் பெயர் ஒரு நாள்கூட வேலை செய்யாமல் நின்றதில்லை. பெயரை எடுக்க இங்கிலாந்தில் விலாசம் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விலையும் பெரிய பாரமில்லை. நாங்கள் எடுத்த காலத்தில் பெயர்களை வாங்கி நமக்கு விற்கும் முகவர்களுக்கான மொத்த விலை இரண்டு வருசத்துக்கு 5 பவுண். அதற்கு மேல் முகவர் தன் பங்கை வைப்பார், அவ்வளவுதான்.

குறை வந்தது, நடுவில் இருக்கும் அந்தக் 'கோ'வினால்.

யூகே பெயர்களை நடத்துவது நொமினெட் என்ற நிறுவனம். 2012 அக்டோபரில் அவர்கள் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். 'கோ' இல்லாமல் நேரே .யூகே என்று முடியும் பெயர்களை விற்பது, அதற்கு மொத்த விலை வருசத்துக்கு 20 பவுண். ஏற்கெனவே .கோ.யூகே வைத்திருப்பவருக்கு அதே பெயர் தானாகக் கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. அங்கே பெயர் வைத்திருந்தவர்கள் கொதித்துப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பைப் வேலை செய்கிறவர் தன் வேனில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். பேக்கரிக்காரர் பை பையாக அச்சடித்து வைத்திருக்கிறார். நாளைக்கு யாரோ ஒருவர் இரண்டு எழுத்துக் குறைந்த அதே பெயரை எடுத்துவிட்டால், வாடிக்கையாளர் எழுதும் கடிதம் யார் கைக்குப் போகும்? அந்தப் பயத்துக்காகவே இரண்டு பெயருக்கும் காசு கட்ட வேண்டும். தன் வீட்டு வாசலுக்குத் தானே இரண்டாம் முறை வாடகை கொடுப்பது மாதிரி.

எதிர்ப்புக்குப் பலன் இருந்தது. 2013 பெப்ரவரியில் அந்த யோசனையை அப்படியே நிறைவேற்றப் போவதில்லை என்று விட்டார்கள். திருத்தி, 2014 ஜூன் 10 ஆம் திகதி புதிய பெயர்களைத் திறந்தபோது விலை .கோ.யூகே அளவுக்கு இறங்கியிருந்தது. பழைய பெயர்க்காரருக்கு அதே பெயரை ஐந்து வருசம் ஒதுக்கியும் வைத்தார்கள். 2019 ஜூன் 25 வரை தவணை. நியாயமான தீர்வு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் இதில் ஒன்றுகூட அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. பெயரைப் பதிந்தபோது, தொடர்பு ஈமெயில் என்ற கட்டத்தில், கொழும்பில் எங்களுக்கு வெப்சைட் செய்து தந்தவரின் முகவரியைப் போட்டிருந்தான் தம்பி. அறிவித்தல் எல்லாம் அவருக்குத்தான் போகும். அவர் ஒன்றையும் எனக்கு அனுப்பவில்லை. பிறகு போன் எடுத்துக் கேட்டேன். "அது பழைய விசயம் அக்கா, நீங்க கேட்கலையே" என்றார். தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பது? வருசா வருசம் பராமரிப்பு என்று அவருக்குக் காசு கட்டியிருக்கிறேன். அந்தச் சேவைக்கு ஐந்துக்கு ஒன்று கொடுக்கவும் எனக்கு மனமில்லை.

அந்த வருசம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டுகள் வெடித்த அடுத்த நாளில் இருந்து புக்கிங் எல்லாம் ரத்து. மே, ஜூன் இரண்டு மாதமும் நான்கு அறைகளும் பூட்டியே கிடந்தன. சமையலுக்கு வரும் அக்காவுக்குச் சம்பளம் எப்படிக் கொடுப்பது என்றுதான் இராத்திரியெல்லாம் யோசனை. அந்த ஜூன் மாதத்தில்தான் தவணையும் முடிந்தது.

டிசம்பரில் லீட்ஸில் இருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். மூன்றாவது முறையாக வருகிறவர்கள். வராந்தாவில் தேத்தண்ணி வைத்தபோது அந்த அம்மா போனை என் பக்கம் திருப்பினார். எங்கள் விடுதியின் பெயர், முடிவில் .யூகே. கீழே மலிவு விலை விமான டிக்கெட் விளம்பரம், கட்டில் மெத்தை விளம்பரம், அதற்கும் கீழே இந்தப் பெயர் விற்பனைக்கு என்று ஒரு வரி. "நீங்கள் விடுதியை மூடிவிட்டீர்கள் என்று நினைத்து அழுதுவிட்டேன்" என்றார். அதே காரணத்தால் வராமல் போனவர்கள் எத்தனை பேரோ.

தம்பி விசாரித்தான். விற்கிறவர் கேட்ட விலை 350 பவுண். நொமினெட்டிடம் அப்போது இருந்த பிணக்குத் தீர்க்கும் முறையில் சமரசப் பேச்சு வரைக்கும் இலவசம். அதில் முடியாமல் நிபுணரின் முழுத் தீர்ப்புக்குப் போனால் 750 பவுணும் வரியும். எதிராளி அந்தப் பெயரை நியாயமற்ற முறையில் எடுத்தார் அல்லது பயன்படுத்துகிறார் என்பதையும் நாங்கள்தான் காட்ட வேண்டும். அறைகள் காலியாகக் கிடந்த வருசத்தில் அந்தக் காசுக்கு நான் எங்கே போவது? விட்டுவிட்டோம்.

அப்புறம் 2020 இல் இலங்கைக்கான .எல்கே (.lk) பெயர் ஒன்றும், தமிழில் .இலங்கை என்று முடியும் பெயர் ஒன்றும் எடுத்தோம். .எல்கே 1990 இல் இருந்து இருக்கிறது, தமிழ் எழுத்துப் பெயர் 2010 இல் வந்தது. எங்கள் பெயரைத் தமிழிலேயே அடித்து, எங்கள் பக்கம் திறந்ததைப் பார்த்த அன்றைக்கு அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், எழுத்தின் அருமை தெரிந்தவர். குறையும் உண்டு. அந்த முகவரியைப் பிரதி எடுத்து வாட்சப்பில் போட்டால் சில நேரம் எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கி ஒன்றும் புரியாத எழுத்தாக வருகிறது. பல படிவங்கள் தமிழ் ஈமெயில் முகவரியை ஏற்பதும் இல்லை.

.எல்கே பெயர்களிலும் பயப்பட வேண்டியது இருந்தது. 2021 பெப்ரவரி 6 ஆம் திகதி அந்தப் பெயர்களை நடத்தும் இடத்துக்குள் யாரோ புகுந்து, கூகுளின் .எல்கே முகவரி உட்படச் சில பெயர்களை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் எழுதியிருந்த பிரச்சினைகளில் தேயிலைத் தொழிலும் ஒன்று. எங்கள் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றைக்கு மத்தியானம் வரை ஐந்து நிமிசத்துக்கு ஒரு தடவை எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

.கோ.யூகே பெயருக்கு ஐந்துக்கு மூன்றரை. திருத்தம் நல்ல திருத்தம்தான். ஆனால் ஐந்து வருசத்தில் ஒரே ஒரு தடவை, பதிந்தவரின் வீட்டு விலாசத்துக்கு ஒரு தபால் போட்டிருந்தால் தம்பி கையில் அது கிடைத்திருக்கும். அதற்காக ஒன்றரைப் புள்ளியைக் குறைக்கிறேன். பெயரை விட்டுவிடவில்லை. லீட்ஸ் அம்மா மாதிரி ஆட்கள் இன்னும் அதைத்தான் அடித்துப் பார்க்கிறார்கள்.

தொடர்பு ஈமெயிலை மாற்றியாயிற்று. அடுத்த புதுப்பிப்பு நவம்பரில். நினைவூட்டல் இனி என் முகவரிக்கே வரும், மகளின் போனுக்கும் ஒரு பிரதி போகும்.